பெருவிழாவும் பொது அமைதியும்: பெங்களூர்க் கரகத்தை முன்வைத்துச் சில எண்ணங்கள்

மக்கள் திரள் என்றாலே அஞ்சுவது கற்றோர் வழக்கமாகிவிட்டது. நாளிதழில் ‘பெருங்கூட்டம்’ என்ற சொல்லைக் கண்டதும் நம் மனம் தடியடியையும் கல்வீச்சையும் எதிர்பார்க்கத் தொடங்குகிறது. இந்த அச்சத்திற்கு நூலாதாரமும் உண்டு. பிரெஞ்சு நாட்டு அறிஞர் குஸ்தாவ் லெ போன் 1895ஆம் ஆண்டில் கூட்டத்தின் உளவியல் பற்றி ஒரு நூல் எழுதினார். தனியே இருக்கும்போது அறிவோடு நடப்பவனும் திரளில் கலந்துவிட்டால் அறிவை இழந்து உணர்ச்சிக்கு அடிமையாகிறான் என்பது அந்நூலின் சாரம். இத்தனைக்கும் அவர் நம் நாட்டுக்கு வராதவர் அல்லர். இந்தியா முழுதும் சுற்றிக் கோயில்களைக் கண்டு, 1887இல் இந்திய நாகரிகங்களைப் பற்றிப் பெரிய நூல் ஒன்றை வெளியிட்டவர். கோயிலைக் கண்டவர் திருவிழாவைக் காணாமல் போனார் போலும்!

பதினேழு ஆண்டுகள் கழித்து, 1912இல், அதே நாட்டைச் சேர்ந்த எமீல் துர்க்கைம் வேறு விதமாகச் சொன்னார். மனிதர் ஒன்றுகூடும் இடத்தில் ஒரு கொதிப்புப் பிறக்கிறது. அந்தக் கொதிப்பிலேதான் சமூகம் தன்னைத் தானே உணர்கிறது. சமயத்தின் ஊற்றுக்கண்ணே அதுதான் என்பது அவர் கருத்து. ஒருவர் பழித்தார், மற்றவர் போற்றினார். ஆயினும் இருவர் கண்ணிலும் முதலில் பட்டது கூட்டத்தின் சூடுதான். இலட்சக்கணக்கானோர் ஓர் இரவு முழுவதும் குறுகிய தெருக்களில் நெருங்கி நின்று, விடிந்ததும் அமைதியாக வீடு திரும்புகிறார்களே, அது எவ்வாறு இயல்கிறது என்ற எளிய வினாவுக்கு அவர்களிடம் விடை தேடினால் கிடைப்பது அரிது. அந்த வினாவைத்தான் இக்கட்டுரையில் எடுத்துக்கொள்கிறேன். விடை தேட நான் நெடுந்தொலைவு செல்லவில்லை.

சந்தாபுராவை நம் மாணவர் பலர் பேருந்தின் சன்னல் வழியாக மட்டுமே அறிந்திருப்பர். பெங்களூரிலிருந்து ஓசூர் செல்லும் நெடுஞ்சாலையில், ஆனேக்கலுக்குச் சாலை பிரியும் சந்திப்பு அது. பக்கத்திலேயே பொம்மசந்திராத் தொழிற்பேட்டை. தமிழரும் தெலுங்கரும் ஒடியரும் வங்காளியரும் பீகாரியரும் வாடகை அறைகளில் அடுத்தடுத்து வாழ்கின்றனர். ஒருவர் பெயரை மற்றவர் அறியார். அறியவேண்டிய தேவையும் இல்லை. மூன்று முறைப்பணியில் ஒருவர் உறங்கும்போது மற்றவர் ஆலையில் இருக்கிறார்.

இங்கிருந்து வடக்கே சில கிலோமீட்டர் தொலைவில் ஹுஸ்கூர் என்னும் ஊர் இருக்கிறது. அங்குள்ள மத்தூரம்மன் கோயிலில் ஆண்டுதோறும் மார்ச்சு அல்லது ஏப்ரல் மாதத்தில் சாத்திரை நடைபெறும். இந்த ‘ஜாத்ரெ’ நம் நாட்டுத் தேர்த்திருவிழாப் போன்றதன்று. கோயிலுக்கு ஒரு தேர் என்பது நம் வழக்கம். இங்கே ஊருக்கு ஒரு தேர். சுற்றுவட்டக் கிராமங்கள் ஒவ்வொன்றும் மரத்தாலும் மூங்கிலாலும் அடுக்கடுக்காகக் கட்டி, வண்ணத் துணி போர்த்து, நூறு அடிக்கும் மேலான உயரத்தில் தத்தம் தேரை எழுப்புகின்றன. பிறகு அதை வயல் வழியாகவும் சாலை வழியாகவும் ஹுஸ்கூருக்கு இழுத்து வருகின்றனர். முன்னே எருதுகள், இந்நாளில் டிராக்டர்களும் சேர்ந்துவிட்டன. தேர் சாயாதிருக்க அதன் மேலடுக்குகளிலிருந்து நாற்புறமும் வடம் கட்டி ஆட்கள் பிடித்துக்கொள்வர். வரும் வழியில் மின்கம்பிகள் குறுக்கிடும்; மின்சாரத்தை நிறுத்தி, கம்பியை அவிழ்த்து வழிவிட வேண்டும்.

எந்த ஊர்த் தேர் உயரம் என்பதில் கடும் போட்டி உண்டு. போட்டி உண்டு என்றால் பூசலும் உண்டு என்று நாம் நினைப்போம். ஆனால் அவ்வூர்களில் பேசிப் பார்த்தவரையில் நான் கண்டது இது: போட்டி முழுவதும் தேர் கட்டும் நாட்களிலேயே செலவாகிவிடுகிறது. தேர் நகரத் தொடங்கிய பின் யாருக்கும் சண்டையிட நேரமில்லை. வடம் பிடித்தவன் வடத்தை விட்டால் தேர் சாயும். எருது ஓட்டுபவன் முன்னே செல்பவனின் குரலுக்குக் காத்திருக்க வேண்டும். நீர்மோர் கொடுப்பவர், சக்கரத்திற்குக் கட்டை கொடுப்பவர், மரக்கிளை வெட்டுபவர் என்று ஒவ்வொருவர் கையிலும் ஒரு வேலை இருக்கிறது. வெறுங்கையோடு நிற்பவர் குறைவு.

இந்தச் செய்தியை மனத்தில் வைத்துக்கொண்டு, இதனினும் பழுத்த, இதனினும் சிக்கலான ஒரு விழாவைப் பார்ப்போம். அதுதான் பெங்களூர்க் கரகம்.

கெம்பே கௌடர் 1537இல் அமைத்ததாகச் சொல்லப்படும் பழைய பேட்டைப் பகுதியில், திகளர்பேட்டையில், தர்மராயசுவாமி கோயில் இருக்கிறது. தர்மராயர் என்பது பாண்டவருள் மூத்தவரான தருமர். ஆயினும் விழாவின் தலைவி திரௌபதியே. சித்திரைத் திங்களில் கொடியேற்றத்தோடு தொடங்கி, நாள்தோறும் சடங்குகள் நடந்து, நிறைமதி இரவில் கரகம் புறப்படும். நள்ளிரவு கழிந்து கோயிலை விட்டு நீங்கும் கரகம் பேட்டையின் தெருக்களையெல்லாம் சுற்றி விடியற்காலையில்தான் திரும்பும்.

கரகம் சுமப்பவர் ஆண்மகன். ஆனால் பெண்கோலம் பூண்டவர்; மஞ்சள் சேலை, வளையல், மனைவியின் தாலி ஆகியவற்றை அணிந்திருப்பார். தலையிலே மல்லிகையால் மூடிய உயர்ந்த கூம்பு. அதனுள் மண்கலம். கலத்துக்குள் இருப்பது யாதென்பது வெளியார்க்குச் சொல்லப்படாத மறைபொருள். கையால் தொடாமலே அதனைச் சுமந்து நடக்க வேண்டும், ஆட வேண்டும். அவரைச் சூழ்ந்து வெண்தலைப்பாகையும் உருவிய வாளுமாக வீரகுமாரர்கள் நூற்றுக்கணக்கில் செல்வர். கரகம் கீழே விழுந்தால் சுமந்தவரை அவ்வாளாலேயே வெட்டிவிட வேண்டும் என்பது பழைய மரபு என்று சொல்வதுண்டு. கதை யாதெனில், பாரதப் போருக்குப் பின் திமிராசுரன் என்னும் அரக்கன் எதிர்த்து வந்தபோது திரௌபதி ஆதிசத்தி வடிவெடுத்து இவ்வீரர்களைத் தோற்றுவித்தாள். போர் முடிந்து அவள் பிரியும்போது அவர்கள் அழுது தடுக்க, ஆண்டுக்கொரு முறை வருவேன் என்று வாக்களித்தாள் என்பது. அந்த வாக்குத்தான் கரகம்.

கரகம் என்ற சொல் நமக்குப் புதிதன்று. தொல்காப்பியத்திலேயே நீர்க்கலத்தைக் குறிக்க அச்சொல் வருகிறது. நம் ஊர்களில் மாரியம்மன் விழாவில் கரகமெடுப்பதையும் கரகாட்டத்தையும் அறியாதார் இல்லை. வீரகுமாரர்கள் வாளின் பட்டையால் மார்பில் அடித்துக்கொள்ளும் சடங்கிற்கு ‘அலகு சேவை’ என்று பெயர். ‘அலகு’ தமிழா கன்னடமா என்று கேட்பது வீண்வேலை. இரு மொழிக்கும் அது தாய்வீட்டுச் சீர்.

விழாவை நடத்துவோர் திகளர். வன்னிகுல சத்திரியர் என்றும் தம்மைக் குறிப்பர். தோட்டக்கலையில் வல்லவர்கள். ஐதர் அலி 1760இல் லால்பாக் தோட்டத்தை அமைக்கத் தொடங்கியபோது தமிழ்ப்பகுதியிலிருந்து தோட்டக்காரர்களை வரவழைத்தார் என்றும், திகளரில் ஒரு பகுதியினர் அவ்வாறு வந்தவர் என்றும் கூறுவர்; அதற்கு முன்பே இங்கே இருந்தவர் என்போரும் உளர். ‘திகள’ என்ற சொல்லே பழைய கன்னடத்தில் தமிழரைக் குறித்தது. அவர்களில் பலர் வீட்டில் பேசும் மொழி, கன்னடமும் தெலுங்கும் கலந்த ஒரு தமிழ். வெளியே கன்னடம். இன்று பிள்ளைகளுக்கு வீட்டிலும் கன்னடமே ஆகிவருகிறது.

இனி ஊர்வலத்திற்கு வருவோம். அரிசி வணிகத்தால் பெயர்பெற்ற அக்கிப்பேட்டை, வளையல் கடைகளால் பெயர்பெற்ற பளேபேட்டை, செக்காட்டுவோர் வாழ்ந்த காணிகர்பேட்டை என்று பேட்டையின் ஒவ்வொரு தெருவும் ஒரு தொழிலின் பெயரைத் தாங்கி நிற்கிறது. கரகம் வரும் வழியெல்லாம் வெவ்வேறு சாதியாரின் வெவ்வேறு கோயில்கள். வாசலில் நீர் தெளித்துக் கோலமிட்டு, மல்லிகையைச் சொரிந்து வரவேற்கின்றனர். கரகத்திற்கு இந்நகரில் அயல்வீடு கிடையாது.

அந்த வழியில் காட்டன்பேட்டையில் அசரத் தவக்கல் மஸ்தான் என்னும் இசுலாமியப் பெரியாரின் தர்கா இருக்கிறது. கரகம் அங்கே செல்கிறது. வழிபாட்டை ஏற்றுப் பிறகே மேலே நடக்கிறது. இதற்குக் காரணமாக வழங்கும் கதையில், ஊர்வலக் கூட்டத்தில் காயமுற்ற அப்பெரியாருக்குக் கரகத்தைச் சேர்ந்தவர்கள் குங்குமமிட்டு நோவு தீர்த்தனர் என்றும், தாம் மறைந்த பின்னும் கரகம் தம் இடத்துக்கு வரவேண்டும் என்று அவர் வேண்டினார் என்றும் வருகிறது. கதை வரலாறா என்று நான் ஆராயப் போவதில்லை. கதையின் அமைப்பைக் கவனியுங்கள். கூட்டத்தில் ஒருவர்க்குத் தீங்கு நேர்ந்தது, அத்தீங்குக்கு மருந்திட்டனர், அதிலிருந்து ஆண்டுதோறும் செய்யவேண்டிய ஒரு கடமை பிறந்தது. ‘எல்லா மதமும் ஒன்றே’ என்ற தத்துவப் பேச்சு இதில் எங்குமே இல்லை.

தமிழ்நாட்டுத் திரௌபதி வழிபாட்டைக் கற்றவர்க்கு இது வியப்பளிக்காது. அமெரிக்க அறிஞர் ஆல்ப் ஹில்டபெய்டல் செஞ்சிப் பகுதியை நடுவாக வைத்து இவ்வழிபாட்டை ஆராய்ந்து 1988இலும் 1991இலும் இரு பெரும் தொகுதிகளை வெளியிட்டார். அவர் விரிவாக எடுத்துப் பேசும் காவல் தெய்வங்களுள் ஒருவர் முத்தால் ராவுத்தர். ராவுத்தர் என்றால் குதிரை வீரர், இசுலாமியர். வட தமிழ்நாட்டுத் திரௌபதி அம்மன் கோயில்கள் பலவற்றில் அம்மனுக்குக் காவலாக அவருக்கு ஒரு சிறு மேடையோ சந்நிதியோ உண்டு. சுருட்டும் சாராயமும் படையல்! இங்கே தர்காவுக்குத் திரௌபதி செல்கிறாள்; அங்கே ராவுத்தர் அவள் வாசலிலேயே குடியிருக்கிறார். எங்கெல்லாம் தமிழர் சென்றனரோ அங்கெல்லாம் இவ்வம்மனும் சென்றாள். சிங்கப்பூர் மாரியம்மன் கோயிலில் அவளுக்குத் தீமிதி நடக்கிறது. ஈழத்தில் பாண்டிருப்பிலும் உடப்பிலும் அவள் கோயில்கள் பெயர்பெற்றவை. ஆனேக்கலிலேயே தர்மராயர் திரௌபதி கோயில் ஒன்றும் அதற்கொரு கரகமும் உண்டு என்பதைச் சந்தாபுரா வழியாகச் செல்லும் நண்பர்கள் நினைவில் வைத்தல் நலம்.

இப்போது முதலில் எழுப்பிய வினாவுக்கு வருகிறேன். கரகக் கூட்டம் எதனால் அமைதியாக இருக்கிறது?

பக்தியால் என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் பக்தி உள்ள கூட்டங்களும் சண்டையிட்டுள்ளன. என் எண்ணத்தில் பக்தியைவிட முறைமைக்கே இங்கு வேலை மிகுதி. ‘முறை’ என்ற நம் சொல்லைத்தான் சொல்கிறேன்: எந்தத் தெருவில், எந்த நேரத்தில், யார் வாசலில், யார் கையால், எது என்பதெல்லாம் ஆண்டாண்டாகத் தீர்ந்துபோன செய்திகள். வீரகுமாரராக வருபவர் விழாவன்று காலையில் வாளெடுத்து வந்துவிட முடியாது. அவர்தம் குடும்பங்களுக்கு அந்த உரிமை வழிவழியாக வருகிறது. மல்யுத்தம் பயிலும் கரடி மனைகளோடு அவர்களுக்குத் தொன்றுதொட்டுத் தொடர்பு. கரகம் சுமப்பவர் பல மாதங்கள் உணவிலும் உடற்பயிற்சியிலும் நோன்பிருக்கிறார். வாள் ஏந்திய நூற்றுக்கணக்கான இளைஞர்கள் நள்ளிரவில் தர்காவின் வாசலுக்கு வருகின்றனர் என்று மட்டும் சொன்னால் காவல்துறையினர் நடுங்குவர். அவர்கள் கரகத்தோடு வருகின்றனர் என்று சொன்னால் தெருவில் உள்ளோர் மல்லிகை வாங்கப் போவர். வாள் அதேதான்; அதற்கு அந்த இரவில் என்ன வேலை என்பது எல்லார்க்கும் முன்பே தெரியும்.

இன்னொன்றும் உண்டு. கரகம் தர்காவுக்கு விருந்தாகச் செல்கிறது. விருந்தினர்க்கு ஒரு நடை உண்டு, விருந்தோம்புவோர்க்கு ஒரு நடை உண்டு. ஒரே இடத்தை இருவரும் ‘எமது’ என்று உரிமை கொண்டாடும்போதுதான் வழக்கும் வம்பும் எழுகின்றன. ‘இது உம் வீடு, நான் வந்து போகிறேன்’ என்ற நிலையில் இருவர் மானமும் காக்கப்படுகிறது. நாகூர்க் கந்தூரிக்கு இந்துக்கள் திரளாகச் செல்வதும், அந்தத் தர்காவின் பெரிய மினாராவைத் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங்கர் கட்டுவித்தார் என்று போற்றப்படுவதும், ஆகஸ்டு 29 முதல் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணிக்குக் காவியுடுத்து நடந்து செல்வோரில் எல்லாச் சமயத்தாரும் இருப்பதும் இந்த விருந்து முறையின் வேறு வேறு வடிவங்களே.

முறை இல்லாத கூட்டம் எப்படி இருக்கும் என்பதை இதே நகரம் 2025 ஜூன் 4ஆம் நாள் கண்டது. கிரிக்கெட் அணி ஒன்று கோப்பையை வென்றதைக் கொண்டாட, முதல்நாள் வெற்றி, மறுநாளே விழா என்று அழைப்பு விடுத்தனர். சின்னசாமி விளையாட்டரங்கின் வாயில்களில் நெரிசலில் சிக்கி 11 பேர் மாண்டனர். வந்தவர்களில் யாரும் யாருக்கும் பகைவரல்லர். எல்லாரும் ஒரே அணியின் அன்பர்கள், மகிழ்ச்சியோடு வந்தவர்கள். அவர்களுக்கு வழியில்லை, நேரமில்லை, செய்யவேண்டிய வேலை ஒன்றுமில்லை. நல்லெண்ணம் ஒன்றே போதுமானால் அந்தப் பதினொருவரும் வீடு திரும்பியிருப்பர்.

சமய விழா மட்டும் இதற்கு விலக்கா? இல்லை. அலகாபாத்துக் கும்பமேளாவில் 1954 பிப்ரவரி 3 அன்றும், கும்பகோணத்து மகாமகத்தில் 1992 பிப்ரவரி 18 அன்றும், மீண்டும் பிரயாகையில் 2025 சனவரி 29 அன்றும் நெரிசலில் மக்கள் மாண்டனர். மேலே புகழ்ந்த ஹுஸ்கூரிலேயே 2024 ஏப்ரலில் ஒரு தேர் சாய்ந்தது. நல்வினையாக அன்று பேரிழப்பு நேரவில்லை. 2025 மார்ச்சு 22 அன்று காற்றும் மழையும் சேர்ந்து அடித்ததில் தேர்கள் சாய்ந்து உயிரிழப்பும் நேர்ந்தது. பூசலின்மை வேறு, பாதுகாப்பு வேறு. நாற்புற வடத்தையும் ஒற்றுமையாகப் பிடித்துக்கொண்டே மனிதர் ஆபத்தை நோக்கிச் செல்ல முடியும். தேரின் உயரத்துக்கு ஓர் எல்லை வகுப்பது தெய்வக் குற்றமாகாது என்றே நான் கருதுகிறேன். சென்ற நூற்றாண்டில் நம் கோயில் தேர்களுக்கு இரும்புச் சக்கரமும் தடைக்கட்டுப்பாடும் அமைத்தபோதும் சிலர் முணுமுணுத்திருப்பர். இன்று அவையே வழக்கம்.

விழாவுக்கு வந்து போகிறவர் மனத்தில் ஏதேனும் மாறுகிறதா, அல்லது விடிந்ததும் பழைய ஆளாகவே ஆகிவிடுகிறாரா? இவ்வினாவை அளந்து பார்த்தவர்களும் உண்டு. அளக்கத்தக்க பொருளா இது என்று நானும் முதலில் ஐயுற்றேன். ஆனால் முறை நுட்பமானது. பாகிஸ்தானில் அரசு வழியாக ஹஜ்ஜுக்குச் செல்ல விண்ணப்பிப்போர் மிகுதி, இடம் குறைவு. ஆகவே குலுக்கலில் ஆளைத் தேர்வர். 2006ஆம் ஆண்டுப் பயணத்திற்குக் குலுக்கலில் பெயர் விழுந்தவர்களையும் விழாதவர்களையும், மொத்தம் 1,605 பேரை, சில மாதங்கள் கழித்துச் சந்தித்து ஒப்பிட்டனர் கிளிங்கிங்ஸ்மித், குவாஜா, கிரேமர் என்னும் மூன்று பொருளியல் அறிஞர்கள். இருசாராரும் ஒரே ஆவல் உடையவர்கள். வேறுபாடு குலுக்கல் மட்டுமே. எனவே பின்னர்க் காணும் வேறுபாட்டைப் பயணத்தின் விளைவு என்று துணிந்து சொல்லலாம். சென்று வந்தவர்கள் பிற இனத்தார் மீதும் இசுலாத்தின் பிற பிரிவினர் மீதும் கூடுதல் நல்லெண்ணம் கொண்டிருந்தனர். பெண் கல்வியைக் கூடுதலாக ஏற்றனர். பிற சமயத்தாரோடு இணங்கி வாழலாம் என்ற எண்ணமும் அவர்களிடம் மிகுந்திருந்தது. தம்மவர் மட்டுமே கூடும் இடத்திற்குச் சென்றவர் பிறரை வெறுத்துத் திரும்புவர் என்று எதிர்பார்த்தோர்க்கு 2009இல் வெளிவந்த இவ்வாய்வு பெரிய விடை. அறிஞர்கள் கூறும் காரணமும் நம் அனுபவத்திற்கு ஒத்ததே: அங்கே பல நாட்டார், பல நிறத்தார் அருகருகே நின்று தொழுவதைக் கண்ணாரக் காண்கிறார்கள்.

பிரயாகையின் மாக மேளாவிலும் இந்திய, பிரித்தானிய ஆய்வாளர்கள் சேர்ந்து ஓர் ஆய்வு நடத்தினர், 2012இல் வெளிவந்தது. கடுங்குளிரில், இரைச்சலில், வசதியற்ற கூடாரத்தில் ஒரு மாதம் தங்கும் கல்பவாசிகளை, மேளாவுக்கு முன்னும் பின்னும் உடல்நலமும் மனநலமும் எவ்வாறுள்ளன என்று கேட்டனர். ஊரிலேயே தங்கிவிட்ட அண்டை வீட்டாரையும் கேட்டனர். கூட்டத்தில் அல்லலுற்றவர்களே நலம் மிகுந்ததாகச் சொன்னார்கள்! அதே குழுவினர் செய்த மற்றொரு சோதனை சுவையானது. இன்னதென்று தெளியாத ஓர் இரைச்சலைப் பதிவு செய்து கேட்பித்தனர். மேளாவின் ஒலி என்று சொல்லிக் கேட்பித்தால் விரும்பிக் கேட்டனர். நகரச் சாலையின் ஒலி என்றால் வெறுத்தனர். விடுதியில் பக்கத்து அறை வானொலியை வைத்து நம் நண்பர்களும் இதனைச் சோதிக்கலாம்.

ஆனால் இவ்வாய்வுகளை வைத்துக்கொண்டு விழா இருந்தால் கலவரம் வராது என்று சொல்லிவிட முடியாது. பெங்களூரில் வாழும் தமிழ் மாணவராகிய நாம் அதைச் சொல்லவே கூடாது. காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்காலத் தீர்ப்பு 1991 டிசம்பர் 11இல் அரசிதழில் வெளியானதை ஒட்டி இந்நகரில் தமிழர் தாக்கப்பட்டனர், உயிர்கள் போயின, குடும்பங்கள் இரவோடிரவாக ஓசூர்ச் சாலையில், இதே சந்தாபுரா வழியாக, எல்லை நோக்கி ஓடின. 2016 செப்டம்பர் 12இல் தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட பேருந்துகளும் லாரிகளும் எரிந்தன. திரௌபதியின் கரகத்தைத் தம் தெருவில் வரவேற்கும் நகரம்தான் இது. கரகம் அந்த நெருப்பைத் தடுக்கவில்லை. தடுக்கும் என்று எதிர்பார்ப்பதும் முறையன்று; தெருவையும் வாசலையும் அது இணைக்கிறது, ஆற்று நீரைப் பங்கிடுவது அதன் வேலையல்ல.

வேறு குறைகளும் உண்டு. விழாவின் தலைவி பெண். அவள் கோலம் பூணுபவர் ஆண். அவர் மனைவியோ தாலியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, விழா முடியும் வரையில் கணவர் முகத்தையும் காணாமல் ஒதுங்கியிருக்க வேண்டும். ஊரே கூடும் விழாவில் ஒருத்தி மட்டும் கூடுவதற்கில்லை! இதனைப் புகழ எனக்கு மனமில்லை. முறை என்பது பங்கு கொடுப்பது. அதுவே பங்கு மறுப்பதும் ஆகும். நம் நாட்டில் தேர் வடத்தைத் தொடும் உரிமைக்காகவும், தேர் தம் தெருவுக்குள் வரவேண்டும் என்பதற்காகவும் தாழ்த்தப்பட்டோர் எத்தனை ஊர்களில் போராட வேண்டியிருந்தது என்பதை அறியாமல் இப்பொருள் பற்றிப் பேசுவது அரைகுறைப் பேச்சு. ஊர் ‘அமைதி’யாக இருந்தது என்று சொல்லும்போது, யார் வாய் மூடியிருந்ததால் அது அமைதியாக இருந்தது என்றும் உடன் கேட்க வேண்டும்.

பழைய முறை தானே நிலைத்து நிற்பதும் இல்லை. 2022ஆம் ஆண்டைக் கூறலாம். கர்நாடகத்தில் மாணவியரின் முக்காடு பற்றிய வழக்கு நடந்து முடிந்திருந்த நேரம். கோயில் விழாக்களில் இசுலாமியர் கடை போடக் கூடாது என்று பல ஊர்களில் குரல் எழுந்தது. அதன் தொடர்ச்சியாக, கரகம் இனித் தர்காவுக்குச் செல்லக்கூடாது என்றும் சிலர் வற்புறுத்தினர். அதற்கு முந்திய இரண்டு ஆண்டுகளில் பெருந்தொற்றினால் ஊர்வலம் நடைபெறவில்லை. சடங்குகள் கோயிலளவில் சுருங்கியிருந்தன. ஆகவே அமைதியாக விட்டுவிட நினைத்தால் விட்டுவிடுவது எளிதாகவே இருந்திருக்கும். தர்காவைச் சேர்ந்தவர்கள் கோயிலுக்கே நேரில் வந்து, வழக்கம்போல் கரகம் வரவேண்டும் என்று அழைத்தனர். கோயில் குழுவினர் மரபு மாறாது என்று அறிவித்தனர். ஏப்ரல் 16ஆம் நாள் இரவு புறப்பட்ட கரகம் தர்காவுக்குச் சென்றது. இதில் நான் கவனிப்பது, அவர்கள் விவாத மேடை போடவில்லை என்பது. எதிர்த்தவரைக் கண்டித்து நீண்ட அறிக்கைகளுக்கும் இடம் வைக்கவில்லை. அழைக்க வேண்டியவர் அழைத்தார். செல்ல வேண்டியவர் சென்றார். இருநூறு ஆண்டு மரபு என்று நாம் எழுதிவிடுகிறோம். உண்மையில் ஒவ்வோர் ஆண்டும் ஒரு பிற்பகலில் யாரோ சிலர் எழுந்து சென்று அழைப்பதனால் மட்டுமே அது அடுத்த ஆண்டுக்குச் செல்கிறது.

நகரமும் அதை நெருக்குகிறது. கரகச் சடங்குகளுக்கு நீர்நிலைகள் வேண்டும். சம்பங்கி ஏரி அவற்றுள் முதன்மையானது. ஏரி தூர்ந்து இன்று அவ்விடத்தில் கண்டீரவா விளையாட்டரங்கம் நிற்கிறது. கரகச் சடங்குக்காக ஒரு சிறு குளம் மட்டும் எஞ்சியிருக்கிறது. ஸ்மிருதி சீனிவாஸ் என்னும் ஆய்வாளர் 2001இல் வெளியிட்ட நூலில், மறைந்த ஏரிகளையும் பழைய நகரத்தின் எல்லைகளையும் இந்த விழாவே நினைவில் வைத்திருக்கிறது என்று விரித்துக் காட்டுகிறார். நம் பல்கலைக்கழக நூலகங்களில் தேடிப் படிக்கத்தக்க நூல்.

நம் மன்றத்தினர் செய்யக்கூடிய பணி ஒன்று உண்டு. திகளர் வீடுகளில் முதியோர் பேசும் தமிழை இதுவரை போதிய அளவு யாரும் பதிவு செய்ததாகத் தெரியவில்லை. மொழியியல் பயிலும் நண்பர்கள் இருவர் மூவர் சேர்ந்து, கன்னடம் நன்கு அறிந்த ஒருவரையும் துணைக்கழைத்துக்கொண்டு, ஆனேக்கலிலோ திகளர்பேட்டையிலோ தொடங்கலாம். முதலில் உறவுமுறைச் சொற்கள், பிறகு பூ, காய், தோட்டக் கருவிகளின் பெயர்கள், அதன்பின் விழாச் சொற்கள் என்று போவது எளிது. விழா நாட்களில் போக வேண்டாம். அப்போது அவர்களுக்கு ஓய்விராது. சித்திரை நிறைமதி கழிந்து ஒரு மாதம் சென்றபின், மாலை வேளையில், முன்னரே சொல்லிவிட்டுச் செல்லுங்கள்.